பிறப்புப் பதிவில் ஒரு சிவப்புக் கோடு

தண்டையார்பேட்டை,
21-2-1955

சிரஞ்சீவி குமாரவேலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், எண்ணூரில் உன் தங்கை பச்சையம்மாவும் அவள் வீட்டுக்காரரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ தரையில் இருக்கும்போதும் மேலே இருக்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும் என்று வடிவுடையம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நீ ஜகார்த்தாவிலிருந்து போட்ட கடிதம் போன மாதம் பதினெட்டாம் தேதி கைக்கு வந்தது. நீ கேட்டிருந்த பிறப்புப் பதிவு நகல் இந்தக் கவருக்குள்ளேயே நாலாக மடித்து வைத்திருக்கிறது, கிழித்துவிடாமல் பிரி. பிரித்தால் தகப்பன் பெயர், தாய் பெயர் இருக்கிற இடத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு அடித்து மேலே எங்கள் பெயர்கள் எழுதியிருக்கும், பக்கத்தில் கோர்ட்டு உத்தரவு நம்பரும் முத்திரையும் இருக்கும். அதைப் பார்த்து நீ திகைத்துப் போய்விடக் கூடாது, கம்பெனிக்காரன் கேட்டால் இன்ன காரணம் என்று சொல்லத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் எனக்கு வழக்கமில்லாத நீளத்துக்கு இதை எழுதுகிறேன்.

முதலில் உன் வேலை விஷயம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இங்கே நீ விமானம் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியை மூடியதிலிருந்து இந்த ஒன்றரை வருஷமாக நீ எத்தனை தேசத்துக்கு மனுப் போட்டாய் என்று எண்ணிப் பார்த்தேன். கொழும்பிலே முதலில் எங்கள் குடிகளுக்கு, மிச்சமிருந்தால் உனக்கு என்றான். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று நீ பறந்த மணிக்கணக்கையெல்லாம் பார்த்துப் பாராட்டிவிட்டு, கேப்டன் உட்காரும் இடது பக்க ஆசனத்தில் வெள்ளைக்காரரைத்தான் வைப்பது வழக்கம் என்று மரியாதையாகக் கடிதம் போட்டது. ரங்கூனிலே வா என்றான், ஆனால் வருஷா வருஷம் தங்குவதற்கு அனுமதி வாங்கிக்கொண்டு நில் என்றான். கடைசியில் இந்தத் தீவுகளுக்கு ஓட்டுகிற கம்பெனி ஆறு மாதத் தவணையில் எடுத்துக்கொண்டது. அங்கேயும் அவர்கள் சட்டத்தைப் படித்துப் பரீட்சை எழுதினாய், அவர்கள் டாக்டரிடம் கண்ணைக் காட்டினாய், இப்போது அவர்கள் ஊர்ப் பையன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறாய், அவர்கள் கற்றுக்கொண்டதும் உன் இடத்துக்கு வருவார்கள் என்று எழுதியிருக்கிறாய். இதில் நான் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஹார்பரில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டினவன் நான். கேட்டுக்கு வெளியே நிற்கிற அன்றாட ஆளைக் கப்பல் நிறைய வந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் போ என்பார்கள். அடுத்தவன் தேசத்தில் நீ அன்றாட ஆள். அதற்காக வேலையை அரைகுறையாகக் கற்றுக்கொடுக்காதே, உன் பக்கத்தில் இருக்கிறவன் சரியாகக் கற்காவிட்டால் அவனோடு சேர்ந்து விழப்போவது நீயும்தான்.

ஆறு மாதத் தவணை மார்ச் பத்தோடு முடிகிறது, அதற்குள் தாய் தகப்பன் பெயரோடு பிறந்த ஊர்ப் பதிவு நகல் வந்து சேர்ந்தால் மூன்று வருஷத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், வராவிட்டால் அந்த இடத்துக்குக் காத்திருக்கும் வேறொரு அயல்நாட்டானுக்குப் போய்விடும், பள்ளிக்கூடச் சான்று அங்கே செல்லாது என்று நீ எழுதியதைப் படித்ததும் மறுநாளே புறப்பட்டுப் பதிவு ஆபீசுக்குப் போனேன். இதென்ன பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டு போனேன். டிராம் நின்றுபோனதிலிருந்து பஸ்ஸுக்கு நிற்பதே அரை நாள் வேலை. அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனுஷர். 1925ஆம் வருஷத்துப் புத்தகத்தை எடுத்து ஆகஸ்ட் மாதம் முழுக்க விரலை வைத்துப் பார்த்தார், பிறகு ஜூலை, செப்டம்பர். தகப்பன் தேசப்பன் என்று என் பெயரே இல்லை. இரண்டாம் தடவை போனபோதும் இல்லை. மூன்றாம் தடவை அவரே அலுத்துப்போய், உங்கள் தெருவில் அந்த ஆகஸ்டிலே ஒரே ஒரு ஆண் பிள்ளைதான் ஐயா பிறந்திருக்கிறது, அது ஒரு பாய் வீட்டுப் பிள்ளை, தகப்பன் பெயர் மஜீது, தாய் பெயர் ரசூல் பீவி என்றார். நம் பக்கத்து வீடு. தோல் மண்டி மஜீது பாய் செத்து ஏழு வருஷமாகிறது. அவர்களுக்கு இருப்பது நாலும் பெண் பிள்ளைகள் என்று தெரு முழுக்கத் தெரியும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து அதை வேடிக்கையாகத்தான் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பாதி மீனோடு கையை நிறுத்திவிட்டாள். அன்று போய் மறுநாளும் பேச்சில்லை. மூன்றாம் நாள் நான் கத்தின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

உனக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் பிறந்து போனது உனக்குத் தெரியும், அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை என்பதும் தெரியும். மூத்தது நாற்பது நாள், அடுத்தது ஒன்பது மாதம், மூன்றாவது நடக்க ஆரம்பித்த பிறகு. நீ பிறந்த எட்டாம் நாள் காசிமேட்டிலிருந்து உன் அம்மாவின் ஆட்கள் வந்து, இது தங்க வேண்டுமானால் தவிட்டுக்கு விற்றுவிடு என்றார்கள். பெற்றவளுக்குப் பிள்ளை ராசியில்லை, அடுத்தவளுக்கு விற்றுவிட்டால் இது அவள் பிள்ளையாகிவிடும், எடுத்துக்கொண்டு போக வருகிறவன் ஏமாந்து திரும்பிவிடுவான் என்பது கணக்கு. பக்கத்து வீட்டு பீவிம்மா கொல்லைப் பக்கமாக முறத்தில் மூன்று படி தவிடு கொண்டுவந்து கொட்டிவிட்டு உன்னை அதே முறத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, பால் கொடுக்க மட்டும் உன்னிடம் விடுகிறேன் என்று சொல்லி உன் அம்மா மடியில் போட்டார்கள். நான் அப்போது பகல் ஷிப்டு. வந்து கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன், அத்தோடு மறந்தும் போனேன். சின்ன வயதில் உன்னைத் தெருவில் தவுட்டுப் புள்ள என்று கேலி செய்யும்போது நீ அழுதுகொண்டு வருவாய், எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் சொல்வார்கள் போடா என்று நான் விரட்டுவேன். உன் விஷயத்தில் அது கேலி இல்லை, நடந்ததுதான்.

எனக்குத் தெரியாமல் இருந்தது இதற்கு அடுத்த சங்கதி. விற்றவள் யார் கேட்டாலும் இது என் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாதாம், சொன்னால் விற்றது செல்லாதாம். பதிவு எழுதுகிற ஆள் தெருவோடு வந்து இந்த வீட்டில் பிறப்பு உண்டா என்று கேட்டபோது உன்னை மடியில் வைத்துக்கொண்டே இல்லை என்றிருக்கிறாள். அந்தக் கையில் இருப்பது யார் என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டு பாய் புள்ள, நான் பால் குடுத்துகினு கீறேன் என்றிருக்கிறாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார், அவர் மேல் தப்பில்லை. ஆக இருபத்தொன்பது வருஷமாகச் சர்க்கார் புத்தகத்தில் நீ மஜீது பாய் மகன். இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். அவள் இத்தனை வருஷத்தில் யாரிடமும் உன்னை என் மகன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எங்க வூட்ல கீற புள்ள என்பாள், பச்சையம்மாவோட அண்ணன் என்பாள். நீ ஏர்போர்ஸில் பிட்டராகச் சேர்ந்து, அவர்களே உனக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்து, சட்டையில் விமானியின் இறக்கைச் சின்னம் குத்திக்கொண்டு வந்த அன்று தெருவே வந்து உன் மகனா உன் மகனா என்று கேட்டபோதுகூட, இன்னாமோ ஆண்டவன் பார்த்துகினான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுக்குப் பெருமை தெரியவில்லை என்று அன்று எனக்குக் கோபம். நீயும் முகம் வாடிப்போனாய், பார்த்தேன்.

வக்கீல் குமாஸ்தா ஒருவரைப் பிடித்துக் கேட்டதில், பதிவில் இருக்கிற தாய் இது நான் பெற்ற பிள்ளை அல்ல என்றும், பெற்றவர்கள் இது எங்கள் பிள்ளை என்றும் மாஜிஸ்திரேட் முன்னால் பிரமாணம் சொன்னால் திருத்தி உத்தரவு போடுவார் என்றார். பீவிம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர்களுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னா தேசப்பண்ணே, நாலு பொண்ணு பெத்து நான் பேஜாராகி நின்னப்போ எனக்கு ஒரு ஆம்பளைப் புள்ள கீறான்னு ஒருத்தரும் சொல்லலியே, அந்த மனுசன் கேட்டிருந்தா கபர்ல நிம்மதியாப் படுத்துகினு இருப்பாரே என்றார்கள். கைநாட்டுத்தானே, எங்க வெக்கணும் சொல்லு என்று அப்போதே கட்டைவிரலை நீட்டினார்கள்.

மாட்டேன் என்றது உன் அம்மாதான். நான் எடுத்துச் சொன்னேன், திட்டினேன், இது மூன்று வருஷ வேலை, இது போனால் இங்கே வந்து அவனுக்கு என்ன இருக்கிறது, ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றேன். பச்சையம்மாவை எண்ணூரிலிருந்து வரவழைத்துச் சொல்லச் சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை. அவள் சொல்கிறதெல்லாம் ஒரே பேச்சுத்தான். கீழ கீறவனா இருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன்யா, அவன் மேகத்துக்குள்ள கீறான், நான் இங்க வாயத் தொறந்து என் புள்ளைன்னு சொல்லிட்டு, அப்பால தந்தி வந்தா நீ இன்னா பண்ணுவே என்றாள். மூணு தடவை என் புள்ள என் புள்ளைன்னு சொல்லிகினு திரிஞ்சேன், மூணையும் நீதானே தூக்கிகினு போய்ப் பொதைச்சே என்றாள். அத்தோடு நான் விட்டுவிட்டேன். ஆனால் படித்தவன் மாதிரி எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். இயந்திரம் ஓடுவதும் நிற்பதும் எண்ணெயாலும் இரும்பாலும், ஒரு பொம்பிளை வாயால் அல்ல என்பது என் கட்சி.

நடுவில் வீட்டுச் சங்கதியும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். பச்சையம்மாவுக்கு ஏழாவது மாதம். அடுத்த மாதம் இங்கே அழைத்து வருவதாக இருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் புதிதாக வலை போட்டிருக்கிறார், மீன் பரவாயில்லை. இந்தத் தடவை மழையில் திருவொற்றியூர் ரோட்டோரம் கடல் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது, கல் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். எனக்கு இடது முழங்கால் வலி இருக்கிறது, நீ அனுப்பிய தைலம் நன்றாய்க் கேட்கிறது, ஆனால் வாசனை கலீஜாக இருக்கிறதென்று உன் அம்மா பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள். ஹார்பரில் புது மின்சாரக் கிரேன் வந்திருக்கிறதாம், பழைய ஆட்கள் பார்க்க வா என்று கூப்பிட்டார்கள், நான் போகவில்லை.

கோர்ட்டு தேதி போன புதன்கிழமை. உன் அம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பீவிம்மா காலையிலேயே புர்க்கா போட்டுக்கொண்டு வந்து, வந்து சும்மா குந்திகினு இரு கன்னியம்மா, எனக்குத் தொணைக்கு வா, உன்னை யாரும் வாயத் தொறன்னு சொல்லல என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினார்கள். இதற்குள் வக்கீல் குமாஸ்தா விசாரித்துவிட்டு, தாய் சொல்லாவிட்டாலும் தகப்பன் ஒருவன் சொன்னால் போதும் என்று சொல்லியிருந்தார், ஆகையால் நான் கவலைப்படவில்லை. பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். முதலில் பீவிம்மா. இந்தப் பிள்ளை நீங்கள் பெற்றதா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். பெத்தது இல்லிங்க சாமி, வாங்குனது என்றார்கள். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வாங்கினாயா, யாரிடம், எவ்வளவுக்கு என்று குரலை உயர்த்திக் கேட்டார். தோ குந்திகினு கீறாளே இவகிட்டத்தான், மூணு படி தவுட்டுக்கு, மெய்யாலுமே நல்ல தவுடு என்றார்கள். கோர்ட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், மாஜிஸ்திரேட்டும் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். விற்பனை வழக்காக்கி எல்லாரையும் உள்ளே தள்ளிவிடுவாரோ என்று நான் ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். பிறகு அவருக்கே வழக்கம் புரிந்து எழுதிக்கொண்டார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். தேசப்பன், ஜகார்த்தாவில் விமானம் ஓட்டும் குமாரவேல் என்பவர் உமக்கும் உம் மனைவிக்கும் பிறந்த மகனா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. நான் வாயைத் திறந்தேன் குமாரவேல், வரவில்லை. இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாளாக யோசித்தேன், எழுதிவிடுவதே சரி என்று படுகிறது. தொண்டை அடைத்ததோ என்னவோ என்று நினைக்காதே, தொண்டை சரியாகத்தான் இருந்தது. ஆமாம் என்று சொல்லப்போகிற நேரத்தில் நீ இப்போது மேலே இருக்கிறாயா கீழே இருக்கிறாயா என்று ஒரு கேள்வி வந்துவிட்டது. இன்று புதன், புதன்கிழமை உனக்கு எந்தத் தீவு என்று மனசு தேட ஆரம்பித்தது. அப்புறம் அந்த மூன்றாவது பிள்ளையின் கால், நான் துணியில் சுற்றும்போது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அது நினைவுக்கு வந்தது. இரண்டாம் தடவையும் கேட்டார். கோர்ட்டு குமாஸ்தா, ஐயா கேட்கிறார் பதில் சொல்லும் என்று அதட்டினார். நாற்பது டன்னைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தினவன், கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

அப்போதுதான் உன் அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். கூப்பிடாமல் வரக் கூடாது என்று ஒருவன் தடுத்தான், அவள் அவன் கையைத் தள்ளிவிட்டாள். என் புள்ளதான் சாமி, நான்தான் பெத்தேன், இந்த ஆளுக்குத்தான் பெத்தேன், எழுதிக்கங்க என்றாள். கோர்ட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்கும் கேட்டிருக்கும். மாஜிஸ்திரேட் பெயர் கேட்டார், கன்னியம்மா என்றாள். மகன் பெயர் கேட்டார். குமாரவேலு, என் மவன் குமாரவேலு என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொன்னாள். அதன் பிறகுதான் எனக்கு வாய் வந்தது, ஆமாம் என்றேன். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். பீவிம்மா சோடா வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு மாதமாக மாட்டேன் என்றவள் ஏன் சொன்னாய் என்று கேட்டேன். இன்னாய்யா பண்றது, நீ பயந்துகினு நின்னே, பார்த்துட்டேன், ரெண்டு பேரும் பயந்துகினா அந்தப் புள்ளைய யாருதான் மேல அனுப்பறது என்றாள். சனிக்கிழமை நகல் கைக்கு வந்தது, ஞாயிறு தபால் இல்லை, இன்று ரிஜிஸ்டர் தபாலில் சேர்க்கிறேன்.

ஆகையால் காரியம் முடிந்தது. கம்பெனிக்காரன் கேட்டால் பதிவில் தவறு நடந்தது, கோர்ட்டு திருத்தியது என்று மட்டும் சொல்லு, தவிட்டுக் கதையெல்லாம் அவனுக்கு வேண்டாம். பத்தாம் தேதிக்குள் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ரசீது வாங்கு. வேலை கிடைத்தால் கிடைத்தது என்று எழுது, கிடைக்காவிட்டால் ஒளிக்காமல் அதையும் எழுது, புறப்பட்டு வா, யாரும் உன்னை ஏன் வந்தாய் என்று கேட்கப் போவதில்லை. மழைக் காலத்தில் அந்தத் தீவுப் பக்கம் மேகம் மோசம் என்று நீயே எழுதியிருந்தாய், சந்தேகமாக இருந்தால் இன்றைக்கு எடுக்க மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, அயல்நாட்டான் என்று பயந்து எடுத்துவிடாதே. பீவிம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. வேளைக்குச் சாப்பிடு. முக்கியமாக, இது கைக்குக் கிடைத்த அன்றே நன்றாக இருக்கிறேன் என்று இரண்டே வார்த்தையில் ஒரு தந்தி அடி. அம்மாவுக்காக என்று எழுத நினைத்தேன். எனக்காக அடி.

வடிவுடையம்மன் துணையிருப்பாள், உன் அம்மாவின் ஆசீர்வாதமும் பீவிம்மாவின் துவாவும் உனக்கு எப்போதும் உண்டு. இதுவரை போட்ட கடிதங்களிலெல்லாம் அடியில் வெறும் பெயரை மட்டும் எழுதிவந்தேன், அது எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது. இன்று அதற்கு முன்னால் மூன்று வார்த்தை சேர்க்கிறேன். எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற தகப்பன்
தேசப்பன்